வெயில் படாத இடம்

கேனில் ஆல் பர்ப்பஸ் என்று போட்டிருக்கிறது.
எல்லாத்துக்கும் ஆகும் என்று படிப்பவர்கள் படிக்கட்டும்.
எல்லாத்தையும் தின்னும் என்றுதான்
நான் படித்துக்கொள்கிறேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடுகிறபோதெல்லாம்
எனக்கு வியாபாரம்.
சித்திரை மாதம், மணி பதினொன்றரை.
மெரூன் காரில் வந்து இறங்கினார்
ஒளிமதி தெட்சிணாமூர்த்தி.
பானெட்டில் கொடிக்கம்பு கழற்றிய ஓட்டை,
கதவு கொள்ளாமல் பழைய கட்சியின் சின்னம்.
"நாலு மணிக்குத் திருவாரூர்ல மாலை போடுறாங்கம்மா.
அதுக்குள்ள இது போயிரணும்."

கதவைத் தொட்டேன். தோசைக்கல்.
நிழலுக்குத் தள்ளுங்க, ஆறட்டும் என்றேன்.
சூட்டில் அடித்தால் துடைக்குமுன்னே காயும்,
காய்ந்த இடம் திட்டாகும்,
திட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை.

அவருக்கு ஆற நேரமில்லை.
கேனைத் தூக்கி அப்படியே கவிழ்க்கப் போனார்.
கையைப் பிடித்துவிட்டேன்.
கேட்டில் நின்ற மன்னார்குடி பஸ்
மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது.

மேட்டூரில் திறந்த தண்ணி
திறந்தபடியே வயலுக்கு வந்தால் வரப்பு நிற்குமா?
மூணாறு தலைப்பில் ஷட்டர் எதற்கு இருக்கிறது?
வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கோரையாற்றுக்கு இவ்வளவு,
பாமணிக்கு இவ்வளவு.
எனக்கு இந்த மூடிதான் ஷட்டர்.
டயருக்கு ஒன்றுக்கு நாலு.
பெயிண்டுக்கு ஒன்றுக்குப் பத்து,
டேஷ்போர்டுக்கும் அதே பத்து, அதையும் துணியில் அடித்துத்தான்.
பாட்டுத் திரைக்கு எதுவும் கிடையாது,
பிழிந்த ஈரத்துணி, அவ்வளவுதான்.

இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.
கொள்முதல் நிலைய கிளார்க்கின் காரில்
ஏசி துவாரம் வரைக்கும் நெல் சுணை.
அரிப்பிலும் அவசரத்திலும்
தண்ணி கலக்காமல் கதவுப் பட்டையில் அடித்தேன்.
பளபளத்த அலுமினியம் சுண்ணாம்பு பூத்து நின்றது.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
அந்த மாதம் சீட்டு கட்டவில்லை.

முதல் வருஷம் கையுறையும் போடவில்லை.
ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால்
நீ யார் என்று கேட்டது.
கட்டைவிரல், ஆள்காட்டி, மோதிரவிரல்
எதையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.
சர்க்கரை வாங்காமல் திரும்பினேன்.

கதவின் அடிவிளிம்பில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்
முதலில் ஒரு சொட்டு.
துணியில் நிறம் ஏறவில்லை. நல்லது.
டிரையர் காற்றில் சின்னத்தை இளக்கி
நகம் படாமல் உரித்தேன்.
மிஞ்சிய பசையில் ஒன்றுக்குப் பத்தை அடித்து,
மனசுக்குள் முப்பது எண்ணி,
காயவிடாமல் துடைத்து, கழுவி, மறுபடியும் கழுவி
கைத்துணியால் ஒற்றி எடுத்தேன்.

சின்னம் அங்கேயே இருந்தது.

முன்னைவிடத் தெளிவாக, கரும்சிவப்பாக,
ஓரம் பிசகாமல்.
"இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடும்மா."
போட்டால் பெயிண்ட்தாங்க போகும்.
இது அழுக்கில்லை.
சுற்றி இருப்பதுதான் வெளுத்துப்போனது.
பதினோரு வருஷம் சின்னம் நிழல் கொடுத்திருக்கிறது,
வாங்கின அன்றைக்கு இருந்த நிறம்
இந்தக் காரில் இங்கே மட்டும்தான் மிச்சம்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
மாட்டிப் பார்த்தார்.
கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார்,
ஈரம்தான் வந்தது.
"புதுச் சின்னம் இதைவிடப் பெரிசா இருக்குமா?"
அங்கே கேட்டுக்கங்க என்றேன்.

எர்ணாகுளம் வண்டி போய்க் கேட் திறந்தது.
ஹாரன் எல்லாம் ஒரே நேரத்தில்.
முந்நூறு கொடுத்தார், மீதி கேட்கவில்லை.

வாளியில் நின்ற நுரைத்தண்ணியை
வாய்க்காலில் சாய்க்காமல்
பின்னால் ஊறல் குழிக்குத் தூக்கிப் போனேன்.
பாட்டிலில் மிச்சம் இருந்தது கால்வாசி.
பட்டை ஒட்டி எழுதினேன்:
ஒன்றுக்குப் பத்து. இன்றைய தேதி.
கையுறை ஈரத்தில் ஒன்று மட்டும் கலைந்துவிட்டது,
ஒன்றா நாலா என்று.
கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலந்தேன்.